காலி இடம் என்று யார் எழுதுவது?

வாசகர் கேள்வி:

வணக்கம் அக்கா. செங்கல்பட்டு மாவட்டத்தில், கடலை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது கிராம ஊராட்சிக்கு உட்பட்ட ஊர். எங்கள் கடற்கரையை மேம்படுத்தப் போகிறார்களாம். நடைபாதை, உணவுக் கடைகள், வண்டி நிறுத்தும் இடம், படகு சவாரி எல்லாம் வருமாம். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஊராட்சி அலுவலகத்தில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்கள், "போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், யாரும் போகக் கூடாது" என்கிறார்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன்கள், "நமக்கும் கடை கிடைக்கும், போகலாம்" என்கிறார்கள். என் அம்மா மீன் விற்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான்: "என் கூடையை எங்க வைக்கச் சொல்லுவாங்க?" நான் எம்.காம். முடித்தவள் என்பதால் எல்லோரும் என்னை மனு எழுதச் சொல்கிறார்கள். கூட்டத்துக்குப் போகலாமா, வேண்டாமா? போனால் என்ன பேசுவது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தாலும், நான் உங்கள் அம்மாவின் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நகரமைப்பு வேலையில் இத்தனை வருடம் இருந்த பிறகு சொல்கிறேன், கடற்கரை மேம்பாட்டுத் திட்டம் எதுவானாலும் அதைச் சோதித்துப் பார்க்க அந்தக் கேள்வி ஒன்றே போதும். வரைபடத்தில் உங்கள் அம்மாவின் கூடைக்கு இடம் இருக்கிறதா? எத்தனை மணிக்கு, யாருடைய அனுமதியில், எவ்வளவு வாடகைக்கு? இதற்குப் பதில் இல்லாத திட்டம் இன்னும் முடியாத திட்டம்.

என்னுடைய ஒரு தவறைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சுனாமிக்கு மறு வருடம், 2005ல், கடலூருக்கும் நாகைக்கும் இடையே ஒரு கடலோர ஊரில் மறுகுடியிருப்புக்கு மனை வரைபடம் போட்ட குழுவில் நானும் இருந்தேன். அப்போது எனக்கு அனுபவம் குறைவு. சர்வே தாளில் கிழக்கே பெரிய மணல் திட்டு ஒன்று வெறுமையாக இருந்தது. அதன் மேல் "காலி இடம்" என்று எழுதினேன். என் கையெழுத்தில்தான். அது அடுத்த தாளில் "பூங்கா" ஆனது. ஊரில் வரைபடத்தை விரித்துக் காட்டிய அன்று ஒரு பாட்டி விரலை வைத்துக் காட்டினார்: "இங்கதாம்மா கருவாடு காயப் போடறோம். இந்தத் திட்டுல மட்டும்தான் காத்து நிக்காம ஓடும்." நாங்கள் போனது மழைக்காலத்தில். கருவாடு காயாத மாதத்தில் போய் நின்றுகொண்டு அந்த இடத்தைக் காலி என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு தாளையாவது மாற்ற முடிந்தது. மாற்ற முடியாமல் போன தாள்களும் உண்டு, அவை இன்றைக்கும் மனதில் இருக்கின்றன.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், திட்டம் போடுகிற அலுவலகத்தில் பேச்சு தங்காது, கோடுதான் தங்கும். கூட்டத்தில் நூறு பேர் உருக்கமாகப் பேசினாலும் அது "மீனவர்கள் வாழ்வாதாரக் கவலையைத் தெரிவித்தனர்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். ஆனால் ஊர் தானே வரைந்த ஒரு வரைபடத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால், அதற்கு மேல் "காலி இடம்" என்று யாரும் எழுத முடியாது. எழுதினால், எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே கூட்டத்துக்குப் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள்.

முதலில் அது எந்த மாதிரிக் கூட்டம் என்று கண்டுபிடியுங்கள். "கருத்துக் கேட்பு" என்ற ஒரே பெயரில் வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொது விசாரணை ஒன்று. அதற்குப் பல் உண்டு. 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில், பேசியதன் தொகுப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, கடலோரத்தில் எங்கே என்ன செய்யலாம் என்று குறிக்கும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடங்களுக்காக மாவட்ட அளவில் நடக்கும் கேட்பு. மூன்றாவது, எந்தச் சட்டத்தின் கீழும் வராமல், திட்டம் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனமோ துறையோ தானாகக் கூட்டுவது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் ஊர்க் கூட்டம் மூன்றாவது வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நடைபாதை, கடைகள் மாதிரியான கட்டுமானங்களுக்கு 2006 அறிவிக்கையின் பொது விசாரணை பெரும்பாலும் வராது. கட்டுமானத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்திருக்கிறது. கடலை ஒட்டிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதிதான் கேட்க வேண்டியிருக்கும். அப்படியானால் உங்கள் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதைப் பதிவு செய்யச் சட்டப்படி ஆள் இல்லை. அந்த வேலையை ஊரேதான் செய்துகொள்ள வேண்டும். பெரியவர்களின் சந்தேகத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

ஒட்டியிருக்கும் தாளைப் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தத் துறை, எந்தக் கடித எண், எந்தச் சட்டப் பிரிவு என்று அதில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் இந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். விரிவான திட்ட அறிக்கை தயாராகிவிட்டதா, டெண்டர் விட்டாயிற்றா, எந்த வரைபடத்தின் மேல் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு, கூட்டத்துக்கு முன் வராமலும் போகலாம். வராவிட்டாலும் மனு போட்ட ஒப்புகை கையில் இருக்கும். "ஆவணம் கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்த பிறகு இன்னொரு கூட்டம் வையுங்கள்" என்று எழுத்தில் கேட்க அது போதும். மேடையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இந்தத் திட்டத்தில் இன்னும் முடிவாகாதது எது?" டெண்டர் வரைக்கும் போன பிறகு கூப்பிட்டால், டைல்ஸ் நிறத்தைப் பற்றித்தான் உங்கள் கருத்தைக் கேட்பார்கள். இடம் முடிவாகும் முன் கேட்டால்தான் அதற்குப் பெயர் கூடித் திட்டமிடுதல்.

இனி வரைபடம். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இதற்குக் கொடுங்கள்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் உங்கள் ஊரின் கிராம வரைபடம், கடற்கரைப் பக்கத்துப் புல எண்களின் எஃப்.எம்.பி. (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்), நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய 'அ' பதிவேட்டுப் பக்கம் மூன்றையும் வாங்குங்கள். கடற்கரை பெரும்பாலும் புறம்போக்கு என்றுதான் இருக்கும். உங்கள் தாத்தா காலத்திலிருந்து படகு இழுத்துப் போடுகிற இடத்துக்குப் பட்டா இருக்காது. பட்டா இல்லாத உரிமையை எதைக் காட்டி நிலைநாட்டுவது? வழக்கத்தைக் காட்டித்தான். வழக்கத்தை எழுத்தாக்கும் தாள்தான் இந்த வரைபடம்.

நாலு நாள் நடந்தால் ஆகிவிடும். ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு, ஒரு நாள் உச்சி வெயிலில், ஒரு நாள் சாயங்காலம், ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை. பையன்களின் கைபேசியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. படகு நிற்கும் இடம், வலை காயும் இடம், வலை சரி செய்யும் நிழல், ஏலம் விடும் இடம், ஐஸ் வண்டி வந்து திரும்பும் பாதை, கருவாடு காயும் திட்டு, கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் வேண்டிய நீளம், கோயில், சுடுகாடு, பெண்கள் ஒதுங்கப் போகும் பக்கம், பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாவற்றையும் புள்ளி வையுங்கள். பிறகு பெரியவர்களை உட்கார வைத்து, மாதவாரியாகக் கேளுங்கள். வாடைக் காலத்தில் கடல் ஏறி வரும்போது படகை எதுவரைக்கும் இழுத்துப் போடுவீர்கள்? அந்தக் கோடு ரொம்ப முக்கியம். நடைபாதை போடுகிறவர்கள் அமைதியான மாதத்தில் வந்து அளந்து, படகுகளுக்குப் பின்னால் நிறைய இடம் மிச்சம் இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடையுள்ள 61 நாளில் உங்கள் ஃபைபர் படகு மீனுக்கு எவ்வளவு வியாபாரிகள் வருகிறார்கள், வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பதையும் தனியாகக் குறியுங்கள்.

இது நானாகச் சொல்லும் யோசனை இல்லை. சென்னை ஊரூர் குப்பத்து மீனவ இளைஞர்கள் தங்கள் கடற்கரையை இப்படித்தான் தாங்களே அளந்து வரைந்தார்கள். சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2011 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மேலாண்மைத் திட்டங்களில் மீனவ ஊர்களையும், அவர்களுடைய பொதுப் பயன்பாட்டு இடங்களையும், மீன் உலர்த்தும் தளங்களையும் புல அளவு வரைபடத்திலேயே குறிக்க வேண்டும் என்றது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு அரசு திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019 அறிவிக்கையின்படி வரைவு வரைபடங்கள் வந்தபோது, தங்கள் ஊரும் பொது இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று தமிழகக் கடற்கரை முழுக்க மீனவர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள். உங்கள் ஊர் வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்று மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1996ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் கழிமுகம் நீராக இருந்தது. பின்னாளில் தகவல் அறியும் உரிமை மனுவுக்குக் கிடைத்த வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தைக் காணோம். ஒரு கழிமுகமே தாளில் காணாமல் போகும் என்றால், கருவாட்டுத் திட்டு எம்மாத்திரம்?

அடுத்து, பெண்கள். இதைச் சொன்னால் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வருத்தப்படலாம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நம் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருகிறார்கள். அதிகாரிகள் வந்தால் பஞ்சாயத்தாரோடு பேசிவிட்டு, "ஊரைக் கேட்டாயிற்று" என்று போய்விடுவார்கள். படகுக்கும் வலைக்கும் இடம் கேட்க ஆள் இருக்கும், கூடைக்கும் ஐஸ் பெட்டிக்கும் இருக்காது. உங்கள் அம்மாவையும் அவரோடு விற்கிற பெண்களையும் தனியாக, ஏலம் முடிந்த பிறகு அவர்களுக்குத் தோதான நேரத்தில் உட்கார வையுங்கள். யார் எங்கே விற்கிறார்கள், யார் தலைச்சுமையாகப் போகிறார்கள், யார் பக்கத்து ஊரிலிருந்து வந்து வாங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். கணவனை இழந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் யாரும் விட்டுப் போகக் கூடாது.

சென்னை மெரினா லூப் சாலையில் நடந்ததைப் பாருங்கள். நொச்சிக்குப்பம் பக்கத்தில் மீனவப் பெண்கள் காலங்காலமாக விற்ற கரையின் மேல் சாலை வந்தது. பிறகு, சாலைக்கு மீன் விற்பனை இடைஞ்சல் என்று ஆனது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கைத் தொடர்ந்து 2023 ஏப்ரலில் மாநகராட்சி கடைகளை அகற்றப் போக, மீனவர்கள் படகுகளைச் சாலையில் போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகளோடு மீன் அங்காடி திறந்தார்கள். சாலை போடும்போதே இந்தப் பேச்சு நடந்திருந்தால் அந்த ஏப்ரல் மாதத்துக் கண்ணீர் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது வேறொன்று. கடை என்று கட்டினால் அதற்கு ஒரு எண்ணிக்கை உண்டு, அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை வெளியிலிருந்து வருகிறவர் ஒரு மத்தியான நேரத்தில் எடுத்தால், காலையில் விற்றுவிட்டுப் போனவர்கள் பெயர் இருக்காது. உங்கள் பட்டியல் முந்திக்கொள்ளட்டும்.

பையன்களைத் துரோகி மாதிரி யாரும் பார்க்க வேண்டாம். கடலில் மீன் குறைந்த காலத்தில் ஒரு பையன் கடை கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை. நம் மாவட்டத்துக் கோவளம் கடற்கரைக்கு 2021ல் நீலக்கொடி என்ற சர்வதேசத் தூய்மைச் சான்று கிடைத்தது, இந்தப் பக்கத்துக் கரைகளுக்கு ஆட்கள் வருவது இனிக் குறையப் போவதில்லை. ஆனால் "உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை" என்ற வார்த்தையை மட்டும் நம்பி வர வேண்டாம். ஏலத்தில் விடுவார்களா, குலுக்கலா? முன்பணம் எவ்வளவு? கடையை வெளியாளுக்குக் கைமாற்ற முடியுமா? ஊருக்கு ஒதுக்கியது எத்தனை? இதையெல்லாம் எண்ணிக்கையோடு எழுதிக் கேளுங்கள். பையன்களையே எழுதச் சொல்லுங்கள். வரைபடத்துக்குப் புள்ளி வைக்கிற வேலையையும் அவர்களிடமே கொடுத்தால், ஊரின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வந்து நிற்கும்.

இன்னொரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: மணல். கடற்கரையில் சிமென்ட் சுவரும் கல் கொட்டுவதும் வந்தால், அது உங்கள் ஊரோடு நிற்காது. நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் தின்றது. அங்கே இன்றைக்கும் கல் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே கரையோர மாற்ற ஆய்வு செய்தார்களா, கடல்பக்கம் ஏதாவது கட்டுகிறார்களா, உயர் அலைக் கோடு, அதாவது அலை ஏறி வரும் எல்லை, எங்கே வருகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வடக்கே இருக்கும் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

கூட்டத்தன்று இரண்டு பேர் குறிப்பெடுக்கட்டும், ஒருவர் வீடியோ எடுக்கட்டும். ஆறு பேர் பேசினால் போதும், அதில் மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும், ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தை வரைபடத்தில் கை வைத்துப் பேசட்டும். மனுவும் வரைபடமும் பட்டியலும் இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் "கலந்துகொண்டேன், ஒப்புதல் அல்ல" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். பெரியவர்களின் பயத்துக்கு என்னால் சொல்ல முடிந்த மருந்து இது. பிறகு இதையே கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் எது அருகில் வருகிறதோ அதில் வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரைபடத்தை ஊர்ச் சண்டை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்களுடைய கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. 2005 மார்ச் 30ஆம் தேதி வந்த அரசாணை 172 அவர்களுக்கு நினைவிருக்கும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள் தள்ளிப் போனால் புது வீடு இலவசம், ஆனால் பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும். போக மாட்டேன் என்றால் அதே இடத்தில் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. இரண்டு கதவையும் காட்டி, எதில் வேண்டுமானாலும் போ என்றால் அது கலந்தாலோசனை ஆகுமா? கையெழுத்துப் போட்டால் கடற்கரை போய்விடும் என்று அன்றைக்குக் கற்றவர்கள் இன்றைக்குப் போகாதே என்கிறார்கள். அவர்களை எதிர்த்துப் பேச வேண்டாம். "தாத்தா, வாடையில படகு எதுவரைக்கும் ஏறும்னு நீங்கதான் காட்டணும்" என்று கூப்பிடுங்கள். வருவார்கள்.

புறக்கணிப்பும் ஓர் ஆயுதம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆவணம் எதுவும் தராமல், எதுவும் மாறாது என்று தெரிந்த பிறகு, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மொத்த ஊரும் எழுந்து வெளியே வந்தால் அது செய்தி. யாருமே போகாமல் இருந்தால், "ஆட்சேபம் எதுவும் வரவில்லை" என்று கோப்பில் ஏறிவிடும்.

வரைபடத்தின் முதல் படியை எனக்கு அனுப்புங்கள். அளவு விகிதம், திசை, புல எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். தாளில் முதல் புள்ளியாக உங்கள் அம்மாவின் கூடையை வையுங்கள். அவர் எத்தனை மணிக்கு வந்து உட்காருகிறார், எத்தனை மணிக்கு எழுந்து போகிறார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா